காரின் திரை வழி பிழைக்குமாறு: நெய்வேலியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

காரோடு சேர்ந்தே வருகிற வழிகாட்டித் திரை மற்ற ஊர்களில் ஓரளவுக்கு ஒழுங்காக நடந்துகொள்கிறது. நெய்வேலி எல்லையைத் தொட்டதும் அதற்கு ஏதோ ஆகிவிடுகிறது. தொல்காப்பியத்துக்கு ஆறேழு பேர் உரை எழுதிவைத்த மொழியில் இந்தத் திரைக்கு ஓர் உரைகூட இல்லை என்பது தமிழுக்குப் பெருமை சேர்க்காது. ஆகவே அடியேன் முயல்கிறேன். முதலில் நூற்பா:

நில்லா நிலத்தை நின்றதாக் கொண்டு
செல்லா வழியிற் செல்கெனல் திரையே.

நூற்பாவும் உரையும் அடியேனுடையவை என்பதால் பாடபேதச் சண்டைக்கு இடமில்லை. 'நில்லா நிலம்' என்றது நெய்வேலியை. நிலம் எப்படி நில்லாது போகும் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். உரையாசிரியர்கள் முக்கியமான சொல்லைக் கடைசியில்தான் விளக்குவார்கள்.

வழி கண்டுபிடிக்கும் கணக்கின் வரலாற்றை முதலில் பார்ப்போம். 1956இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர், தான் மணக்கவிருந்த பெண்ணோடு ஆம்ஸ்டர்டாமில் கடைவீதி சுற்றிவிட்டு, காபி குடிக்க உட்கார்ந்த இடத்தில், இருபது நிமிடத்தில், காகிதமும் பென்சிலும் இல்லாமல் மனசுக்குள்ளேயே அந்தக் கணக்கைப் போட்டார். ராட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறுகிய வழி எது என்பதுதான் கேள்வி. அச்சில் வந்தது 1959இல். இன்று காரில் வழி சொல்லும் எந்தக் கருவியானாலும் அந்தக் காபிக் கடைக் கணக்கின் பேரனோ கொள்ளுப்பேரனோதான். அதே 1956இல், நவம்பர் 14 அன்று, நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் பதிவாயிற்று. மறு ஆண்டு மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். உலகின் வழிகளையெல்லாம் கணக்கில் அடக்கும் வித்தையும், அந்தக் கணக்கில் அடங்காத ஊரும் ஒரே ஆண்டில் பிறந்தன. இதைத் தற்செயல் என்று சொல்பவர்களோடு ஆய்வாளன் வாதாடுவதில்லை.

நெய்வேலியில் வழி பிழைத்த முதல் நிகழ்ச்சி இதற்கும் முந்தியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டார். தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. சேருமிடம் தண்ணீர், போய்ச் சேர்ந்தது லிக்னைட் என்ற பழுப்பு நிலக்கரி. இந்த மண்ணில் நினைத்த இடத்துக்குப் போக முடியாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று அடியேனுக்குக் கிடைக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலியார் வழி தவறியதில் ஒரு நகரமும் பல அனல்மின் நிலையங்களும் கிடைத்தன. என் மச்சான் வழி தவறியதில் டீசல்தான் போயிற்று.

மச்சானின் வண்டியே இந்த ஆய்வுக்குக் களம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். எல்லா நிறுவனத் திரைக்கும் குணம் ஏறக்குறைய ஒன்றுதான். மச்சானும் அக்காவும் தாம்பரத்திலிருந்து விக்கிரவாண்டி, பண்ருட்டி வழியாக நெய்வேலியில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நடுவில் பண்ருட்டியில் அக்காவின் நாத்தனார் வீட்டில் ஒரு நிமிடம் தலைகாட்ட வேண்டும். இடையில் ஒரு நிறுத்தம் சேர்க்கலாமென்று அக்கா திரையைத் தொட்டாள். வண்டி ஓடும்போது எழுத்துப்பலகை திறக்காது, ஓட்டுநரின் பாதுகாப்பாம். ஓட்டுவது மச்சான், தட்டுவது அக்கா என்ற வேறுபாடு அதற்குத் தெரியாது. ஓரங்கட்டி நிறுத்தினால், போட்டுவைத்த வழியை அழித்துவிட்டு முதலிலிருந்து மாநிலம் எது, ஊர் எது, தெரு எது, கதவு எண் எது என்று தாசில்தார் ஆபீஸ் மாதிரி வரிசையாகக் கேட்கிறது. வழியில் பிடிக்காத ஒரு துண்டை மட்டும் விரலால் இழுத்து மாற்றலாமா என்றால் முடியாது. சீக்கிரமான வழி, குறைந்த தூரம், எரிபொருள் மிச்சம் என்ற மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். நாத்தனார் கோபித்துக்கொள்ளாத வழி என்று நான்காவது கிடையாது.

இப்போது நெய்வேலி முகவரியைப் பாருங்கள். டவுன்ஷிப்பில் பிளாக்கும் குவார்ட்டர்ஸின் டைப்பும்தான் முகவரிக்கு உயிர். பிளாக் எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர் மறுவார்த்தை பேசாமல் கிளம்புவார். அதே பிளாக் எண்ணைத் திரையில் ஏற்றக் கட்டமே இல்லை. தெரு கேட்டது, கதவு எண் கேட்டது, இரண்டையும் கொடுத்தும் "கிடைக்கவில்லை" என்றது. கடைசியில் மச்சான் ஊர்ப்பெயரை மட்டும் கொடுத்தார். அப்படிக் கொடுத்தால் கருவி என்ன செய்யும் என்றால், வரைபடத்தில் ஊர்ப்பெயருக்காக யாரோ என்றோ குத்திவைத்த புள்ளியை எடுத்துக்கொள்ளும். அந்தப் புள்ளி இருந்தது சுரங்கத்துப் பக்கம்.

டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டில் நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம். மச்சானோ ஒரு சுரங்க வாயிலில் நிற்கிறார். குறுக்கே கம்பி. "நேராகச் செல்லவும்" என்கிறது திரை. காவலர் வந்து குனிந்து பார்த்தார்.

"எத்தனாவது பிளாக் சார்?"

மச்சான் பதில் சொல்லாமல் திரையைக் காட்டினார்.

"அது அப்படித்தான் சார் சொல்லும். போன வாரம் ஒரு கல்யாண வேனையே இங்க கூட்டியாந்து விட்டுருச்சு. திருப்பிக்கினு கியூ பிரிட்ஜ் வாங்க. அங்க யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

திருப்பினார். திரை உடனே மறுகணக்குப் போட்டு, வசதியான முதல் இடத்தில் யூ டர்ன் அடிக்கச் சொன்னது. எங்கே போக என்றால், அதே கம்பிக்கு.

இனிப் பூர்வபட்சம். கருவி அறிவில்லாதது என்று சொல்லிவிட முடியாது என்பார்கள். உண்மைதான். 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நான்கின் குரலாவது கேட்டால்தான் அது தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. அந்த உயரத்தில் கடிகாரம் நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும்; ஐன்ஸ்டீன் சொன்னபடி அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் பிசகும். ஆக, காலமும் வெளியும் வளைவதைத் தெரிந்துவைத்திருக்கிறது. தைப்பூசத்தன்று வடலூர் வழியாகக் கார் போகாது என்பதுதான் தெரியவில்லை. வள்ளலார் 1872இல் கட்டிய ஞானசபையில் ஜோதி பார்க்கக் கூட்டம் ஆண்டுதோறும் வருகிறது, பஞ்சாங்கத்திலும் போட்டிருக்கிறது. திரையோ சேத்தியாத்தோப்புக்கு அதுதான் சீக்கிரமான வழி என்கிறது.

இன்னொரு பெருமையும் சொல்வார்கள். போன் போலன்றி, வண்டியோடு வரும் கருவி சக்கரம் சுழல்வதையும் வண்டி திரும்புவதையும் அளந்து, வானம் தெரியாத சுரங்கப்பாதைக்குள்ளும் வழி சொல்லுமாம். நெய்வேலிச் சுரங்கங்களுக்குக் கூரையே கிடையாது. இந்தத் திறமை இங்கே வீண்.

இப்போது 'நில்லா நிலம்'. லிக்னைட் கிடப்பது ஏறக்குறைய ஐம்பது மீட்டருக்கும் கீழே. மேலே இருக்கும் மண்ணை, ராட்டினம் போன்ற பக்கெட் வீல் எந்திரம் அறுத்தெடுத்து பெல்ட்டில் போடுகிறது. பெல்ட் அதைச் சுற்றிக் கொண்டுபோக, ஸ்ப்ரெடர் ஏற்கெனவே கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டுகிறது. முன்னால் வெட்டிக்கொண்டே, பின்னால் மூடிக்கொண்டே பள்ளம் நகர்கிறது. மூடிய மேட்டில் மரம் நடுகிறார்கள். நேற்று ரோடு இருந்த இடத்தில் இன்று பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் தோப்பு. வழியில் பட்ட ஊர்கள் ஆட்களோடு பெயர்ந்தன. டைக்ஸ்ட்ராவின் கணக்குக்கு ஊர்கள் புள்ளிகள், சாலைகள் கோடுகள். புள்ளி எழுந்து நடக்கும் என்று அவர் காபிக் கடையில் யோசித்திருக்க நியாயமில்லை.

யோசித்தவர்கள் உலகத்தில் உண்டு என்பதே இந்த ஆய்வின் பெரிய கண்டுபிடிப்பு. பசிபிக் கடலில் கரோலின் தீவுகளின் மாலுமிகள் பயணம் போகும்போது, தங்கள் படகு நிற்பதாகவும் தீவுகள்தான் நகர்ந்து வருவதாகவும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். பக்கவாட்டில் கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருக்கும் ஒரு தீவு எந்த நட்சத்திரத்தின் கீழே நகர்ந்துவிட்டது என்று கணித்து, வந்த தூரத்தைச் சொல்லுவார்கள். அந்த முறைக்கு எட்டாக் என்று பெயர். 1985இல் கலிஃபோர்னியாவில் பாய்மரப் படகோட்டி ஒருவர் காருக்கான வழிகாட்டிக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அந்தப் பெயரையே வைத்தார். அதில் கார் திரையின் நடுவில் நிற்கும், வரைபடம்தான் சுழலும். வரைபடம் இருந்தது கேசட்டில். தீவு நகரும் என்பதை வரைபடத்தை நகர்த்துவதோடு முடித்துக்கொண்டார்கள். கரோலின் தீவு மாலுமி ஒருவரை மந்தாரக்குப்பத்தில் கொண்டுவந்து விட்டால், மச்சானைவிட முந்தி எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

நெய்வேலிக்காரர்களின் வழி சொல்லும் முறை அந்த மாலுமிகளுக்கு நெருக்கமானது. இங்கே வழியோடு நேரத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். "இப்ப ஷிப்ட் விடுற நேரம், தெர்மல் பக்கம் வராதீங்க, சுத்தி வந்துருங்க மாப்ள" என்று என் அம்மா போனில் சொன்னதில் கடிகாரம், போக்குவரத்து, மருமகன் மரியாதை மூன்றும் அடக்கம். இல்லாத பொருளை அடையாளமாகச் சொல்வதும் இம்முறையின் பகுதி. சோவியத் உதவியோடு கட்டிய முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி 2020இல் நிறுத்தப்பட்டது. அதை வைத்து வழி சொல்வதை யாரும் நிறுத்தவில்லை. கேட்பவருக்கும் புரிகிறது. திரை மட்டும் இதைப் பழைய தகவல் என்று ஒதுக்கிவிட்டு, அதைவிடப் பழைய சாலை ஒன்றில் ஏற்றிவிடும்.

அற்றேல், ஆறுகளாவது நின்ற இடத்தில் நிற்குமே, அவற்றை வைத்துத் திசை அறியலாமே என்பாரும் உளர். அதுவும் பொருந்தாது. பரவனாற்றையே திருப்பிவிட்டிருக்கிறார்கள். இரண்டாம் சுரங்கம் விரிவாவதற்காக அந்த ஆற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டினார்கள். 2023 ஜூலையில் அதற்காக வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் மண் வெட்டும் எந்திரங்கள் இறங்கின. நெல் அறுப்பு வரைக்குமாவது பொறுத்திருக்கலாம் என்று ஊர் கேட்டது. நீதிமன்றத்திலும் அந்தக் கேள்வி எழுந்தது. நிலத்தைக் கொடுத்துவிட்டு வேறிடம் போன குடும்பங்களுக்கு மறுகணக்குப் போட்டு வழி சொன்ன திரை எதுவும் இல்லை. ஆய்வின் நடை இந்த இடத்தில் மாறிப்போவதை அடியேன் அறிவேன். நூற்பாவின் முதல் அடியை எழுதியபின் இதைச் சொல்லாமல் தாண்டுவது உரையாசிரியனுக்கு அழகல்ல.

எஞ்சியிருப்பது 'மேப் அப்டேட்' என்னும் பரிகாரம். சர்வீஸ் சென்டரில் காசு கட்டினால் புதிய வரைபடம் ஏற்றித் தருவார்கள். போனில் சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்று அக்கா கேட்டாள்; வண்டி விலையில் பாதி இந்தத் திரைக்குத்தான் என்று நம்புகிற மச்சான் கட்டிவிட்டார். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூர் போகும் சாலையை நான்கு வழியாக்கும் வேலை பல ஆண்டுகள் இழுத்தது ஊரறிந்த செய்தி. ஒரு மாதம் இடப்பக்கம் போன வண்டி மறுமாதம் வலப்பக்கம் போகும். புதிய வரைபடத்தோடு அடுத்த முறை வந்தபோது, வண்டி வழவழவென்ற புதுச் சாலையில் போய்க்கொண்டிருக்க, திரையில் அதன் அம்புக்குறி சாலையே இல்லாத வெளிர்பச்சைப் பரப்பில் நீந்திக்கொண்டிருந்தது. "சாலைக்குத் திரும்பவும்" என்று நான்கைந்து முறை கெஞ்சியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அக்கா திரையை மாற்றி இளையராஜா பாட்டைப் போட்டாள். வேறு எந்த வேலைக்கும் அதை இப்போது அவர்கள் கேட்பதில்லை, வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பார்ப்பதைத் தவிர. அதில் மட்டும் இன்றுவரை பிசகியதில்லை என்று மச்சான் சொல்கிறார்.