வாய் திறக்கக் கூடாத பரீட்சை

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. உன் மருமகள் ஏ.பி. பயாலஜி பரீட்சை எழுதிவிட்டு வந்திருக்கிறாள். என்ன கேட்டார்கள், என்ன எழுதினாள் என்று பெற்ற தகப்பன் கேட்கக் கூடாதாம்.

ஏ.பி. என்பது, பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே கல்லூரி முதலாண்டுப் பாடத்தைப் படித்து எழுதுகிற பரீட்சை. காலேஜ் போர்டு என்ற அமைப்பு மே மாதத்தில் நாடு முழுக்க நடத்துகிறது. மொத்தம் மூன்று மணி நேரம். 60 கேள்விகளுக்குக் கணினியிலேயே விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மீதி ஆறுக்குக் கேள்வி திரையில் வரும், பதிலைப் பேனாவால் தாளில் எழுத வேண்டும். நூற்றுக்கு இத்தனை என்ற பேச்சே இல்லை. 1 முதல் 5 வரை ஏதோ ஒரு எண், அதுவும் ஜூலையில்தான் வரும்.

"கேள்வித்தாளைக் கொடும்மா" என்றேன். அப்படி ஒன்றைக் கொடுத்து அனுப்புவதே இல்லையாம். "சரி, வாயால் சொல்லு." அதுவும் கூடாது. அந்த 60 கேள்விகளைப் பற்றி ஆயுசுக்கும் மூச்சு விடக் கூடாது. எழுதுகிற கேள்விகளை போர்டே வெளியிட்டால், இரண்டு நாள் கழித்துப் பேசலாம். மீறினால் மதிப்பெண்ணே ரத்தாகலாம். காரணம் இருக்கிறது: அந்தந்த ஊர் நேரப்படி பரீட்சை நடப்பதால், இங்கே முடித்து எழுந்திருக்கும் வேளையில்தான் கலிஃபோர்னியாப் பிள்ளைகள் உட்காருவார்கள்.

கும்பகோணத்தில் இது நடக்குமா? ஹால் வாசலிலேயே அப்பா கேள்வித்தாளைப் பிடுங்கி, ஒரு மார்க் கேள்வியிலிருந்து விசாரணையை ஆரம்பித்துவிடுவாரே! உன்னிடம் டியூஷன் படித்த பையன் நீட் எழுதிய அன்று, கோச்சிங் சென்டர்கள் சாயங்காலமே விடைகளைப் போட்டுவிட்டன. அதோடு விட்டானா? பிறகு வந்த விடைக்குறிப்பை, கேள்விக்கு 200 ரூபாய் கட்டி எதிர்த்தான்.

பரீட்சை முடிந்து அவளையும் இரண்டு சிநேகிதிகளையும் நான்தான் காரில் கூட்டி வந்தேன். பின் சீட்டில் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்க்கிறேன், ஒருத்தி கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டுகிறாள். இன்னொருத்தி இரண்டு கையிலும் அதே மாதிரி விரித்து, ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் பிடிக்கிறாள். பரதநாட்டிய முத்திரை போல இருந்தது. உன் மருமகளுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

அர்த்தம் இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. வரைபடத்தில் சராசரிக்கு மேலும் கீழும் இழுக்கிற பிழைக்கோடுகளாம். இரண்டு கோடுகளின் எல்லையும் ஒன்றோடொன்று மோதினால், வித்தியாசம் இருக்கிறதென்று அடித்துச் சொல்ல முடியாது. மோதாவிட்டால் சொல்லலாம். மோதவில்லை என்று இவள் எழுதியிருக்கிறாள், மோதுகிறது என்று மற்ற இருவரும்.

தடை நீங்கியதும் போனும் கையுமாக உட்கார்ந்தாள். கலிஃபோர்னியாவுக்குக் குடிபோன பழைய சிநேகிதியோடு ஏகப்பட்ட நேரம் தொண்டை கட்டக் கட்ட வாதாட்டம். கடைசியில் பார்த்தால் அந்தப் பெண்ணுக்கு வந்ததே வேறு கேள்வித்தொகுப்பு!

அக்கா, உன் 'தவளையின் இதயத்தை வரைந்து பாகம் குறி' இங்கே செல்லுபடியாகாது. ஒரு பரிசோதனையை விவரித்துவிட்டு, எதற்காக இந்தக் கட்டுப்பாட்டுக் குழு, இதை மாற்றினால் என்ன ஆகும், ஏன் என்று கிடுக்கிப்பிடி போடுகிறார்கள். சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அவர்களே தருகிறார்கள். கால்குலேட்டரும் வைத்துக்கொள்ளலாம். அப்படியும் பிள்ளைகள் அழுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்.

ஜூனில் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரிப் பேராசிரியர்களுமாக ஆயிரக்கணக்கானோர் திருத்துவார்கள், நீ வருஷா வருஷம் போன முகாம் போலத்தான். எனக்கு அதுவரை பொறுமை இல்லை. வெளியிட்ட கேள்விகளையும், அவள் எழுதியதாகச் சொன்ன பதில்களையும் இத்துடன் அனுப்புகிறேன். சிவப்புப் பேனாவை எடு. அரை மார்க்கைக்கூடச் சும்மா போட்டதில்லை என்று பெயர் வாங்கியவள் நீ. இந்த ஒரு தடவை மட்டும் அத்தையாகத் திருத்து.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி