வசூலுக்கு வந்த வார்த்தைகள்

மதுரையை ஆண்ட ராஜாக்கள் என்ன விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டால், கைடு உங்களை நாயக்கர் மகாலுக்குக் கூட்டிப்போய்த் தூணைக் காட்டுவார். நியாயம்தான். ஆனால் விளக்குத்தூண் பக்கம் ஒரு டீக்கடையில் அஞ்சு நிமிஷம் நில்லுங்கள். “அண்ணே, நேத்து பாக்கி இருக்கு.” “இருக்கட்டும்டா, மாமூலா வர்றவன்தானே. சீனிய ஜாஸ்தி போட்ராத.” பாக்கி, மாமூல், ஜாஸ்தி மூன்றும் நவாப் காலத்து வரிக்கணக்குச் சொற்கள். மாஸ்டருக்குத் தெரிந்தால் டீக்கும் தீர்வை போட்டுவிடுவார்.

1736-இல் சந்தா சாகிபு நாயக்கர் ஆட்சிக்கு முடிவு கட்டினார். கொஞ்ச காலத்தில் ஆற்காட்டு நவாபின் ஆட்கள் கணக்குப் புத்தகத்தோடு வந்து இறங்கினார்கள். புத்தகம் முழுக்கப் பாரசீகம். சோழவந்தான் சம்சாரிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது என்கிறீர்களா? டியூஷனெல்லாம் கிடையாது. கொட்டிலில் இருந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போகும்போது ‘ஜப்தி’க்கு அர்த்தம் தானாக விளங்கிவிடும். பரீட்சையே வைக்காமல் ஊர் மொத்தமும் பாஸ்.

இத்தனை கறாராகப் பாக்கி கேட்ட நவாப் முகமது அலி எப்பேர்ப்பட்டவர்? ஊரறிந்த கடன்காரர். 1768-இல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். அதற்கும், படை செலவுக்கும், பந்தாவுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனி வெள்ளைக்காரர்களிடம் வட்டிக்கு வாங்கினார். விளைச்சல் வருமுன்பே வரியை அவர்களுக்கு எழுதிக்கொடுத்தார். சம்பளம் வருமுன்பே இஎம்ஐ எடுத்துக்கொள்கிறதே பேங்க், அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே சம்பளமும் அடுத்தவனுடையது. கடைசியில் 1785-இல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் என்ற பேச்சாளர் இந்தக் கடனைப் பற்றியே ஒரு நெடும் பேச்சு பேசினார். நம் ஊரில் கடன் வாங்கினால் தெருவுக்குத்தான் தெரியும். இவருடையது கடல் தாண்டிப் போயிற்று.

வசூல் விவகாரத்தில் உயிரையே விட்டவர் யூசுப் கான், அதாவது நம் மருதநாயகம். 1759-இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் கவர்னராக வந்தார். இரண்டு சீமையையும் குத்தகைக்கு எடுத்து, பிரமாதமாக வசூலித்தார். ரொம்பப் பிரமாதமாகச் செய்தாலும் மேலிடத்துக்குப் பிடிக்காது, எந்த ஆபீஸிலும் இதுதான் விதி. நவாபோடு கசந்தது, கம்பெனியும் கைவிட்டது, 1764 அக்டோபர் 15 அன்று மதுரைக்கு வெளியே தூக்கில் போட்டார்கள். அவர் கதையைப் படமெடுக்க 1997-இல் கமல்ஹாசன் பூஜை போட்டார். எலிசபெத் ராணியே நேரில் வந்தார். படம் இன்னும் பாக்கி. அதே கமல் 2004-இல் நடித்து முடித்த படம்? ‘வசூல்ராஜா’!

நவாப் ஒதுங்கி கம்பெனி உட்கார்ந்ததும் ‘கலெக்டர்’ வந்தார். பிள்ளையைப் பார்த்து “நல்லாப் படிச்சு கலெக்டராகணும்” என்று ஆசீர்வதிக்காத ஆத்தா உண்டா நம் ஊரில்? யோசித்துப் பாருங்கள், வரி தண்டுகிறவர் ஆகணும் என்று வாழ்த்துகிறோம். 1812 முதல் 1828 வரை மதுரையில் அந்த நாற்காலியில் இருந்தவர் ரவுஸ் பீட்டர். ஜனங்கள் அவரைப் ‘பீட்டர் பாண்டியன்’ ஆக்கிவிட்டார்கள். இடிமழை இரவில் ஒரு சின்னப் பெண் வந்து அவரை வீட்டுக்கு வெளியே கூட்டிப்போனாள், மறுகணம் வீட்டில் இடி விழுந்தது என்று கதை. வந்தவள் யாரென்று மதுரைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதை எப்படியோ, மீனாட்சி குதிரை வாகனத்தில் போகப் பீட்டர் கொடுத்த தங்க அங்கவடி நிஜம். ஊரெல்லாம் வசூல் பண்ண வந்தவரிடமே வசூல் பண்ணிய ஒரே ஆள் அவள்தான்.

நவாபின் ஆபீஸுக்குப் பெயர் கச்சேரி. ‘தாலுகா கச்சேரி’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எம்.எஸ். பிறந்த ஊரில் கச்சேரி என்றால் தம்புராதான் ஞாபகம் வரும். தாலுகா ஆபீஸில் தம்புரா இல்லை. மற்றபடி, ஒரு சர்டிபிகேட்டுக்கு மூன்று மணி நேரம் ராக ஆலாபனை அங்கேயும் உண்டு. மாமூல் பாவம். வழக்கமாக நடப்பது என்ற அப்பாவிப் பொருளில், பாசனக் கணக்கிலெல்லாம் கௌரவமாக இருந்த சொல். சேர்க்கை சரியில்லை, கெட்டுப்போய்விட்டது.

அதற்காக நவாபை மட்டும் திட்ட வேண்டாம். அண்ணா மேடைதோறும் சொன்னாரே, கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. அதில் முதலாவது, பாண்டியர் கல்வெட்டுகளில் நில வரி. ‘கடமையைச் செய்’ என்று அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் குடியானவன் மடியைத் தடவியிருப்பான்.

நவாபும் போனார், கம்பெனியும் போனது, பசலி மட்டும் போகவில்லை. மதுரைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காத அக்பர் காலத்து விளைச்சல் வருஷக் கணக்கு அது. நம் விஏஓ இன்றைக்கும் அடங்கலை அந்த வருஷத்தில்தான் எழுதுகிறார். 2025 ஜூலையில் அவருக்குப் பிறந்தது பசலி 1435. உங்கள் பட்டா மாறுதல் இழுத்துக்கொண்டே இருந்தால், மே, ஜூனில் வருஷக் கணக்கைச் சரிபார்க்க நடக்கும் ஜமாபந்திக்கு மனுவோடு போய் நில்லுங்கள். போர்டில் 1435 என்று இருப்பதைப் பார்த்து, அச்சுப்பிழை என்று அங்கே சண்டைக்குப் போய்விடாதீர்கள்.