வசவும் உரையும்: பம்பு ஸ்டவ் பாதுகாப்பு இலக்கணம்

மண்ணெண்ணெயைப் பூந்தூறலாகத் தெளித்து எரித்து, அந்த அனலை மின்விசிறியால் அறைக்குள் ஊதித் தள்ளும் வெப்பக்காற்றுக் கருவி, பனி விழும் நாடுகளில் கட்டட வேலை நடக்கும் இடங்களையும் கார் கொட்டகைகளையும் சூடாக்கப் பயன்படுவது. மார்கழி விடியலுக்கு ஒரு மப்ளரும் குரங்குக் குல்லாயும் போதுமென்றிருக்கிற, சித்திரை முழுவதும் அதே வேலையைச் சூரியன் எண்ணெய்ச் செலவின்றிச் செய்துவிடுகிற மதுராந்தகத்தில் அக்கருவிக்கு வேலை இல்லை. அவ்வகையில் சிறியதான 50,000 பி.டி.யு. கருவியே மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும் என்பதால், அது இவ்வூருக்கு வந்திருந்தால் ரேஷன் கடை வரிசையில் அதற்கென்று ஓர் ஆளை நிரந்தரமாக நிறுத்தவேண்டியிருந்திருக்கும். ஆனால் அதன் நெருங்கிய பங்காளியான பம்பு ஸ்டவ், எரிவாயு உருளை வீடுதோறும் வந்து சேரும்வரை இவ்வூர்ச் சமையலறைகளில் ஆட்சி செய்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒன்றில் காற்றை மின்சாரம் தள்ளுகிறது, மற்றதில் வீட்டின் கடைக்குட்டி தள்ளுகிறான் என்பதே.

இந்த ஸ்டவ்வைப் பாதுகாப்பாக இயக்கும் முறையை விளக்கும் அச்சிட்ட கையேட்டை மதுராந்தகத்தில் படித்தவர் அரியர். ஆயினும் முழுமையான பாதுகாப்பு இலக்கணம் ஒன்று வாய்மொழியாக வழங்கிவந்தது. அதன் நூற்பாக்கள் அனைத்தும் வசவு வடிவில் அமைந்தவை. சூத்திரத்தின் சிறப்பு சுருக்கம் என்பதால் அவற்றுக்கு உரை தேவைப்படுகிறது. அவ்வுரையை வகுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வரலாறு. 1892இல் சுவீடனில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பே இவ்வகையின் மூதாதை. 1911இல் தென்துருவத்தை அடைந்த அமுண்ட்செனின் குழுவும் 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் அதைக்கொண்டுதான் பனிக்கட்டியை உருக்கின. மதுராந்தகத்திலோ அது விருந்தாளி எழுவதற்குள் காப்பிக்குப் பால் காய்ச்சவேண்டியிருந்தது. அவசரத்தின் அளவில் இப்பணி அவற்றுக்குக் குறைந்ததன்று. கிரேக்க மொழியில் மெழுகைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஆபிரகாம் கெஸ்னர் ஆக்கிய ‘கெரசின்’ என்ற பெயரும் இங்கு வந்ததும் ‘கிருஷ்ணாயில்’ ஆயிற்று. இராமானுசர் பெரிய நம்பியிடம் பஞ்ச சம்ஸ்காரம் பெற்ற ஊர் இது. தோளில் சூடு, புதிய பெயர் என்பன அச்சடங்கின் உறுப்புகள் என்பதையும், எண்ணெய்க்குச் சூடு எப்படியும் உறுதி என்பதையும் கருதினால், பெயர் மாற்றம் முறைப்படியே நடந்ததாகக் கொள்ளலாம்.

இனி நூற்பாக்கள். “பர்னர் சூடாவறதுக்குள்ள என்னடா அவசரம், பம்பை விடு!” என்பது முதல் நூற்பா. அடியிலுள்ள பித்தளைக் கலத்தில் காற்றழுத்தம் ஏறினால் எண்ணெய் குழாய்வழி மேலேறும். பர்னர் காய்ந்திருந்தால் அங்கே ஆவியாகி, நிப்பிள் எனப்படும் ஊசித்துளை வழியே சீறி வெளிப்பட்டு, சுற்றியுள்ள காற்றை இழுத்துக்கொண்டு நீலமாக எரியும். இதற்காகவே பர்னரின் கழுத்தடிக் கிண்ணத்தில் சிறிது ஸ்பிரிட்டோ மண்ணெண்ணெயோ ஊற்றி முதலில் எரியவிடுவர். அது எரிந்து முடியும் தறுவாய் வரை பொறுக்காதவருக்கு ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சியடித்து, மஞ்சள் தழல் கூரையைத் தொட்டு மீளும். இவ்விதியின் உண்மையைக் கட்டுரையாசிரியர் பிறந்த வீட்டுச் சமையலறைக் கூரை கரிய எழுத்துகளில் நெடுங்காலம் காத்துவந்தது; இரண்டு வெள்ளையடிப்புகளாலும் அச்சாசனத்தை அழிக்க முடியவில்லை.

“இது ஸ்டவ்வா, சைக்கிள் டியூபா?” என்பது இரண்டாம் நூற்பா. காற்றை அளவு மீறி அடைக்கலாகாது என்பது இதன் பொருள். ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியே வெளியேறுவதுபோல, ஸ்டவ்வின் தோளிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தினால் அழுத்தம் இறங்கித் தழல் அடங்கும். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்தபோது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராயிருந்த லியோனல் பிளேஸ் வேண்ட, இராமனும் இலக்குவனும் வில்லேந்திக் கரையைக் காத்தார்கள் என்பது தலவரலாறு. ஏரி காத்த இராமர் என்ற பெயரும் அதனால் வந்தது. ஸ்டவ்வுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. அதைக் காக்க இருப்பது அந்தத் திருகு ஒன்றே என்பதால், அது கைக்கு இலகுவாகச் சுழல்கிறதா என்று பற்றவைக்கும் முன்பே பார்ப்பது இராமபக்திக்கு முரணாகாது.

“எரியற அடுப்புல எண்ணெய் ஊத்துறியே, கண்ணு இருக்கா?” என்பது மூன்றாவது. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பொறி பட்டதும் சட்டென்று பற்றும் வெப்பநிலை 35 பாகை செல்சியசுக்குக் குறையக்கூடாதென்று இந்தியத் தரநிலை வகுத்திருக்கிறது. அக்கினி நட்சத்திரத்தில் செங்கல்பட்டு வட்டாரக் காற்றே 40 பாகையைத் தொடும் என்பதால், அந்நாட்களில் எண்ணெய் டின் நிழலில் இருக்கும்போதே பாதி ஆயத்தமாகிவிடுகிறது. ஆகவே அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, புனல் வைத்துத்தான் ஊற்றவேண்டும். உறைநிலைக்குப் பல பாகை கீழேயே பற்றக்கூடிய பெட்ரோல் ஒரு சொட்டு கலந்த டின்னைக்கூட வீட்டுக்குள் அனுமதிக்கலாகாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு அரசு நீலச்சாயம் ஏற்றியது வேறு எண்ணெயில் அதைக் கலப்பவரைப் பிடிக்கவே. நீலத்தழலுக்கு அதுவே காரணம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை.

“ஜன்னலைத் திறடா!” என்பது நான்காவதும் மிகச் சுருங்கியதும் ஆகும். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு வெப்பக்காற்றுக் கருவியில் தழல் தவறினால் எண்ணெயை நிறுத்த ஒளியுணர் கண் ஒன்று உண்டு. மதுராந்தகத்தில் அப்பணியைப் பாட்டியின் காது செய்தது. கூடத்தில் உலைமூடிச் சத்தத்தையும் வானொலிச் செய்தியையும் ஒருசேரக் கேட்டுக்கொண்டே, “சத்தம் மாறுதே, பாரு” என்று அது அறிவித்துவிடும்.

நகைச்சுவை ஒதுங்கி நிற்கவேண்டிய இடமும் இவ்வாய்வில் ஒன்று உண்டு. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்று நாளிதழ்கள் நாடெங்கும் அச்சிட்டுவந்த காலத்தில், மாமியார் பற்றவைத்தால் வெடிக்காத அடுப்பு மருமகள் பற்றவைத்தால் மட்டும் வெடிப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. வரதட்சணை மரணத்தைத் தனிக் குற்றமாக்கிய 304பி பிரிவு 1986இல் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. பம்பு ஸ்டவ் செய்த விபத்துகள் உண்மை. அதன்மேல் ஏற்றப்பட்ட பழிகளும் உண்மை.

பராமரிப்பு இயலின் மையக் கருவி ஸ்டவ் பின் ஆகும். தகட்டு முனையில் மெல்லிய கம்பி பதித்த இது, நிப்பிள் துளையில் சேரும் கரியை அகற்றவல்லது; தேவைப்படும் நேரத்தில் மட்டும் காணாமற்போவது இதன் இயல்பு. அதற்குப் பதிலாகத் தையல் ஊசியால் குத்துபவர் துளையைப் பெரிதாக்கிவிடுவதால், தழல் நீலத்திலிருந்து மஞ்சளுக்கும், பாத்திரத்தின் அடி வெள்ளியிலிருந்து கரிக்கும் மாறும். பம்பு ‘பொசுக்’கென்று இறங்கிக் காற்று ஏறாவிட்டால் உள்ளிருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிட்டதென்று பொருள். அதைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் தடவினால் பதம் திரும்பும். மரத்தடியில் ஸ்டவ் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனாலும் அவர் செய்வது இதுவே. உதட்டைப் பிதுக்குவது மட்டும் கூடுதல்.

இன்று அந்தப் பித்தளைக் கலம் பரணில் இருக்கிறது அல்லது பேரீச்சம்பழமாக மாறிவிட்டது, நூற்பாக்கள் மாறவில்லை. மதுராந்தகத்திலிருந்து டொரன்டோவுக்குக் குடிபோன ஒருவர், பனிக்கால இரவில் கார் கொட்டகையின் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு புதிய வெப்பக்காற்றுக் கருவியை முடுக்குவாரானால், அதன் கையேடு காற்றோட்டம் பற்றிப் பல பத்திகளில், பல மொழிகளில் எச்சரிக்கும். அவர் அதைப் படிக்கமாட்டார். வீடியோ அழைப்பில் சாத்திய கதவைப் பார்த்துவிடும் எண்பது வயதுக் குரல் ஒன்று இரண்டே சொற்களில் நான்காம் நூற்பாவைச் சொல்லும். அவர் எழுந்துபோய்ச் சன்னலைத் திறப்பார்.