‘அஞ்சே நிமிஷம்’: அறிவியல் குறியீட்டின் வழி ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

சென்னைக் கடற்கரை ரயில் நிலைய வாசலில் நிற்கிறேன். தாம்பரத்து நண்பன் போனில் சொல்கிறான்: “அஞ்சே நிமிஷம் மச்சி, வந்துட்டே இருக்கேன்.” பின்னால் குக்கர் விசில் கேட்கிறது. இக்கூற்றை மனத்தாங்கலின்றி, கணக்கைக் கொண்டு மட்டுமே ஆராய்வோம்.

ஆய்வு முறை

முன்னெண் 1-க்குக் குறையாமலும் 10-ஐ எட்டாமலும் பார்த்துக்கொண்டு, மிச்சத்தைப் பத்தின் அடுக்கில் ஏற்றிவிடுவதே அறிவியல் குறியீடு. வகுக்கும்போது முன்னெண்கள் வகுபடும், அடுக்குகள் கழிபடும். பூஜ்ஜியங்களை விரல்விட்டு எண்ணிக் கோட்டைவிடும் அபாயம் இல்லை.

சான்று 1: நண்பன்

தொலைவு ஏறத்தாழ 30 கி.மீ., அதாவது 3×10⁴ மீட்டர். ஐந்து நிமிடம் 3×10² விநாடி. மூன்றும் மூன்றும் அடிபட்டன. நான்கில் இரண்டு போக இரண்டு. வேகம் விநாடிக்கு 1×10² மீட்டர். மணிக்கு 360 கி.மீ.! ஜப்பானின் ஷிங்கான்சென்னே பயணிகளோடு 320-ஐத் தாண்டுவதில்லை.

சான்று 2: மின்சார ரயில்

1931 முதல் இத்தடத்தில் ஓடும் மின்சார ரயிலுக்குச் சுமார் ஒரு மணி நேரம், 3.6×10³ விநாடி. விடை 0.83×10¹. முன்னெண் 1-க்குக் கீழே இறங்கிவிட்டதால், அடுக்கில் ஒன்றைக் கடன் வாங்கி 8.3×10⁰ என்று எழுதுவதே மரபு. ரயிலின் அடுக்கு பூஜ்ஜியம், நண்பனின் அடுக்கு இரண்டு. இடைப்பட்ட வித்தியாசத்தை உலக வழக்கில் ‘புளுகு’ என்பர்.

சான்று 3: ஒளி

சூரியன் 1.5×10¹¹ மீட்டர் தொலைவில். ஒளியின் வேகம் விநாடிக்கு 3×10⁸ மீட்டர். வகுத்தால் 5×10² விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. ஒளியே அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அது யாரிடமும் ‘அஞ்சே நிமிஷம்’ என்று சொன்னதில்லை.

மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

நண்பன் தரப்பையும் கேட்போம். பூமி சூரியனை விநாடிக்கு ஏறத்தாழ 3×10⁴ மீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. ஆக, பாயில் படுத்தபடியே அவன் விநாடிக்கொரு முறை தாம்பரம்–கடற்கரைத் தொலைவைக் கடக்கிறான். ‘வந்துட்டே இருக்கேன்’ என்பது சத்தியவாக்கு. சிக்கல் என்னவென்றால், நானும் அதே பூமியில்தான் நிற்கிறேன்.

முடிவு

இதற்குள் மறுபடி போன்: “ரெண்டே நிமிஷம்!” 3×10⁴-ஐ 1.2×10²-ஆல் வகுத்தேன்: 2.5×10². மணிக்கு 900 கி.மீ., ஜெட் விமான வேகம். வேகம் கூடியிருக்கிறது என்று மகிழ்ந்த கணத்தில், குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.