ஒரே அச்சில் 250 எஞ்சின்

கேள்வி: பிரிட்டனின் சரக்கு ரயில் என்றாலே 'ஈ.டபிள்யூ.எஸ்.' பெயர் வருகிறதே, அது எப்படிப் பிறந்தது?

பதில்: அண்ணன் தம்பிகளுக்குப் பாகம் பிரித்த நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவரே மொத்தமாகக் கிரயம் செய்த கதைதான். பிரிட்டிஷ் ரயிலைத் தனியார்மயமாக்கும்போது, அதன் சரக்குப் பிரிவை 1994-ல் டிரான்ஸ்ரெயில், மெயின்லைன், லோட்ஹால் என்று மூன்றாக அறுத்தார்கள். மூன்றும் போட்டி போடும் என்பது அரசின் கணக்கு. 1996 பிப்ரவரியில் அமெரிக்காவின் விஸ்கான்சின் சென்ட்ரல் தலைமையிலான கூட்டணி மூன்றையும் வாங்கிவிட்டது. தபால் ரயில்கள் அதற்கு முன்பே கைக்கு வந்திருந்தன. நான்கையும் சேர்த்து 'இங்கிலிஷ் வெல்ஷ் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே' என்று பெயர் வைத்தார் தலைவர் எட் பர்க்கார்ட். அரசின் கணக்கு பொய்த்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரே ரயில் மூன்று பேர் எல்லையைத் தாண்டி ஓட வேண்டிய சின்ன நாட்டில் சரக்கு ரயிலுக்கு உண்மையான போட்டி லாரிதான்.

கேள்வி: வாங்கியவர்களுக்குக் கிடைத்த எஞ்சின்கள் உருப்படியானவையா?

பதில்: சில தங்கம், பல தலைவலி. 1960-களில் செய்த 37, 47 வகை எஞ்சின்கள் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தன. 56, 58 இருந்தன. லஃபரோ நகரில் பிரஷ் நிறுவனம் 1989 முதல் 1993 வரை செய்த 60 வகை எஞ்சின் மட்டும் 100. வகைக்கொரு உதிரி பாகம், வகைக்கொரு பயிற்சி. பணிமனைக்காரர்களின் பாடு திண்டாட்டம்.

கேள்வி: அதற்காக ஒரே வகையில் 250 எஞ்சின் வாங்குவதா? துணிச்சலா, அசட்டுத் துணிச்சலா?

பதில்: துணிச்சல்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. சாமர்செட்டில் மெரிஹெட் என்ற கல் குவாரி உண்டு. அதை நடத்திய ஃபாஸ்டர் யோமன் நிறுவனம், பிரிட்டிஷ் ரயிலின் எஞ்சின்கள் அடிக்கடி படுத்துக்கொண்டதால் வெறுத்துப்போய், ஜெனரல் மோட்டார்ஸிடம் சொந்தமாக எஞ்சின் வாங்கி 1986-ல் ஓட்டத் தொடங்கியது. அதுதான் 59 வகை. 1991 மே மாதம் அவற்றில் இரண்டைக் கட்டி 11,982 டன் எடையுள்ள ரயிலை இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளம். நடுவில் ஓரிடத்தில் வேகன்களை இணைக்கும் கப்ளிங் அறுந்துபோக, சோதனை அங்கேயே முடிந்தது. கப்ளிங்தான் தோற்றது என்பேன்.

அந்த 59-இன் உடலுக்குள் புதிய 710 வகை டீசல் எஞ்சினையும், வளைவுக்கேற்ப அச்சுகள் தாமாகத் திரும்பிக்கொடுக்கும் போகியையும் வைத்ததுதான் 66 வகை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கும் லண்டன் நகரில் செய்து கப்பலேற்றினார்கள். முதல் எஞ்சின் 1998 ஏப்ரலில் இம்மிங்ஹாம் துறைமுகத்தில் இறங்கியது. 2000-க்குள் 250-உம் வந்து சேர்ந்தன. 12 சிலிண்டர், 3,000 குதிரைசக்திக்கு மேல், மணிக்கு 120 கிலோமீட்டர். நம் ஊரில் சரக்கு இழுக்கும் டபிள்யூ.டி.ஜி.-4 எஞ்சினும் இதே 710 குடும்பம்தான், அதில் 16 சிலிண்டர்.

கேள்வி: ஓட்டுநர்கள் கொண்டாடியிருப்பார்களே?

பதில்: நிர்வாகம் கொண்டாடியது. ஓட்டுநர்கள் கேபின் இரைச்சலையும் வெயில் காலப் புழுக்கத்தையும் சொல்லிப் போராடினார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். எஞ்சின் படுக்காமல் ஓடினால் மட்டும் போதுமா, உள்ளே இருப்பவருக்குக் காது வேண்டாமா?

கேள்வி: பழைய எஞ்சின்கள் என்னவாயின?

பதில்: 58-ஐ நினைத்தால் மனசு ஆறவில்லை. டான்காஸ்டரில் 1983 முதல் 1987 வரை செய்த 50 எஞ்சின்கள். 2002-க்குள் எல்லாவற்றையும் ஓரம் கட்டிவிட்டார்கள், எதற்கும் 20 வயதுகூட ஆகவில்லை. பிறகு பல எஞ்சின்கள் நெதர்லாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் போய்ப் பிழைத்தன.

கேள்வி: சரக்கு நிறுவனத்துக்கு 200 கிலோமீட்டர் வேக எஞ்சின் எதற்கு?

பதில்: கடிதத்துக்கு! தபால் ரயில்களுக்காக ஆல்ஸ்டம் நிறுவனம் ஸ்பெயினின் வலென்சியாவில் 67 வகையில் 30 எஞ்சின் செய்து கொடுத்தது. 2003-ல் ராயல் மெயில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள, புத்தம் புது எஞ்சின்கள் வேலையில்லாமல் நின்றன. ஆனால் இரண்டுக்கு யோகம் அடித்தது. 67005, 67006 இரண்டும் அரச குடும்பத்து ரயிலை இழுக்கத் தேர்வாயின.

கேள்வி: அந்த நிறுவனம் இப்போதும் இருக்கிறதா?

பதில்: பெயர் இல்லை, ரயில் இருக்கிறது. 2007-ல் ஜெர்மனியின் டாய்ச்ச பான் வாங்கியது. 2009-ல் டி.பி. ஷெங்கர், 2016-ல் டி.பி. கார்கோ யு.கே. என்று பலகைகள் மாறின. 66 வகை எஞ்சின்களில் ஒரு பகுதி பிரான்ஸுக்கும் போலந்துக்கும் போனது.

கேள்வி: புதிய 66 இனி வருமா?

பதில்: வராது. புகை விதிமுறைகள் இறுகிவிட்டன. போட்டி நிறுவனமான ஜி.பி. ரெயில்ஃப்ரெய்ட் 2016-ல் வாங்கிய 66779 தான் பிரிட்டனுக்கென்று செய்த கடைசி 66 வகை எஞ்சின். அதற்கு வைத்த பெயர் 'ஈவனிங் ஸ்டார்', 1960-ல் பிரிட்டிஷ் ரயில் கட்டிய கடைசி நீராவி எஞ்சினின் பெயர். ஆனால் அதே நிறுவனம் அதற்குப் பிறகும் 66 தேடி அலைந்தது. ஐரோப்பாவில் ஓடிக்கொண்டிருந்த பழையவற்றை வாங்கி வந்து, பிரிட்டன் பாதைக்கேற்ப மாற்றி ஓட்டுகிறார்கள்.