பத்து டன் பேனர்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே பேனர் இருக்கிறது. கோவில்பதாகை. ஆவடியிலிருந்து ஊருக்குள் வந்து சேர்வதற்குள் காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று ஏழெட்டு முகங்களாவது நம்மைப் பார்த்துக் கும்பிட்டுவிடும். இப்படிப்பட்ட ஊர்க்காரனுக்கு, கருங்கல்லில் பேனர் வைத்த வெள்ளைக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டால் பாசம் பொத்துக்கொண்டு வராதா?

அந்த பேனர் நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில், வானிலை மையத்தின் வளாகத்துக்குள் நிற்கிறது. 15 அடி உயரம். சுமார் 10 டன் எடை. தொலைநோக்கியைத் தாங்க எழுப்பிய தூண். அதில் மைக்கேல் டாப்பிங், ஆர்க்கிடெக்ட், 1792 என்று பெயர் வெட்டியிருக்கிறது. வருஷம் மட்டும் ரோமன் எண்ணில். உதவிக்கு ஒரு கல்வெட்டு வேறு, லத்தீனிலும் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட நம்மூர் மொழிகளிலும். எதற்கு? ஆசியாவில் கணித அறிவியலை முதன்முதலாக நட்டு வைத்தது ஆங்கிலேயரின் தாராள மனசுதான் என்பது இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமாம்!

முதன்முதலாக! ஆசியாவில்! ஆரியபட்டர் தன் புத்தகத்தை 499லேயே எழுதி முடித்துவிட்டார். ஜெய்ப்பூர் ராஜா ஜெய்சிங் ஜந்தர் மந்தரைக் கட்டி அப்போதே ஏறக்குறைய 60 வருஷம். போகட்டும், பேனரில் யார்தான் உண்மை எழுதுகிறார்கள்? எங்கள் தெருமுனை பேனரில் இருக்கும் அண்ணனும் ‘வருங்காலமே’தான், பத்து வருஷமாக.

இந்தத் தூணுக்குத் தேசியச் சின்னம் என்ற அந்தஸ்து கேட்டு மனு போடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு செய்தேன். பெருமைக்காக அல்ல. மனுஷனின் தற்பெருமைக்கு இவ்வளவு கனமான ஆதாரம் நம் ஊரில் வேறு இல்லை என்பதற்காக. ஆவடியில் ஒரு டிடிபி கடையில் போய் உட்கார்ந்தேன். கடைத் தம்பி கீபோர்டில் கை வைத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி: “தூணுக்குப் பட்டா இருக்கா சார்?”

பட்டா இல்லை, கதை இருக்கிறது என்றேன்.

முதலில் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்றொரு கம்பெனி அதிகாரி இருந்தார். 1786ல் தன் வீட்டிலேயே தொலைநோக்கி, கடிகாரம் எல்லாம் வைத்துக்கொண்டு நட்சத்திரம் பார்த்தார். பகலில் கம்பெனிக் கணக்கு, ராத்திரியில் வானத்துக் கணக்கு. 1789ல் சீமைக்குக் கிளம்பும்போது, வீடு காலி செய்கிறவர்கள் பழைய ஃப்ரிட்ஜைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போவதுபோல, மொத்தத்தையும் கம்பெனி அரசாங்கத்துக்கே கொடுத்துவிட்டார். மிளகையும் துணியையும் எண்ணிக்கொண்டிருந்த கம்பெனிக்கு நட்சத்திரம் எதற்கு? காதல் எல்லாம் இல்லை. அந்தக் காலத்து மெட்ராஸுக்குத் துறைமுகமே கிடையாது. கரை எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் சரியாகக் குறிக்காவிட்டால் கப்பல் கவிழும், சரக்கு போகும். தாராள மனசு என்று கல்லில் வெட்டியதற்கு அடியில் லாப நஷ்டக் கணக்குதான்.

டாப்பிங் அந்தக் கரையை அளந்த சர்வேயர். 1792ல் நுங்கம்பாக்கத்தில், இந்தத் தூண் நிற்கும் இடத்தில், வானியல் ஆய்வகத்தைக் கட்டினார், இரண்டு வருஷத்தில் கூடவே ஒரு சர்வே பள்ளியும் தொடங்கினார். எட்டே பையன்கள். அதுதான் வளர்ந்து கிண்டி எஞ்சினியரிங் காலேஜ் ஆனது. இன்று தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஒரு எஞ்சினியர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார் என்றால், ஏ1 குற்றவாளி இவர்தான். ஆனால் இதைப் பற்றித் தூணில் ஒரு எழுத்துகூடப் போட்டுக்கொள்ளத் தெரியாத மனுஷன், 1796ல் கண்ணை மூடிவிட்டார்.

அடுத்து கோல்டிங்ஹாம். மெட்ராஸின் தீர்க்கரேகையைக் கணக்குப் போட்டவர். ராத்திரி நட்சத்திரம் போதாதென்று பகலில் கட்டட வேலையும் எடுத்துக்கொண்டார். கவர்னர் விருந்து வைக்க அவர் கட்டிக் கொடுத்த மண்டபம்தான் இன்றைய ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தமிழகமே வரிசையில் நின்று அழுத இடம், ஒரு வானியலாளரின் சைடு பிசினஸ்!

“சார், இதெல்லாம் மனுவுல வேணுமா?” என்றான் தம்பி. வேண்டும் என்றேன். முகத்தைப் பார்த்தால் பக்கக் கணக்கில் காசு வாங்குகிற சந்தோஷம் தெரிந்தது.

அப்புறம் கேப்டன் ஜேக்கப். 1855ல், 70 ஒஃபியூக்கி என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் ஓடுகிறது என்று உலகத்துக்கு அறிவித்தார். வேற்று நட்சத்திரத்துக்குக் கிரகம்! அதுவும் நுங்கம்பாக்கத்திலிருந்து! நாசா எல்லாம் அப்போது பிறக்கவே இல்லை. ஒரே ஒரு சின்னக் குறை. அந்தக் கிரகம் அங்கே இல்லை.

1861ல் வந்த நார்மன் பாக்ஸன் பெரிய கில்லாடி. வந்த வேகத்தில், ஏப்ரல் மாதமே, ஒரு குறுங்கோளைப் பிடித்து ‘ஆசியா’ என்று பெயர் வைத்தார். நட்சத்திரங்களின் வெளிச்சத்தை எந்தக் கணக்கில் படிப்படியாகப் பிரிப்பது என்று அவர் சொன்ன அளவுகோலை இன்றும் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரி ராத்திரியாகக் குறித்ததைப் புத்தகமாகப் போடுவதில் மட்டும் நம் ரெக்கார்டு நோட்டு மாணவர்களுக்கு அண்ணன். 1891ல் அவர் இறந்த பிறகு, அடுத்து வந்தவர்தான் அந்த மூட்டையைப் பிரித்து அச்சடிக்க வேண்டியிருந்தது.

அவருடைய மகள் ஐசிஸ். அப்பா முன்பே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்கே இவர் பெயர்தான். 1873லிருந்து அப்பாவுக்கு உதவியாளராக, மாதம் 150 ரூபாய்க்கு வேலை பார்த்தார். 1886ல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தில் உறுப்பினராக்கச் சொல்லி விண்ணப்பம் போனது. சங்கத்து வக்கீல்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு சட்டத்தைப் படித்துப் பார்த்தார்கள். உறுப்பினர் என்று வரும் இடத்திலெல்லாம் ‘அவன்’ என்றே இருந்ததாம். முடியாது என்றுவிட்டார்கள். வானத்தில் ஒரு கல்லே அந்தப் பெண்ணின் பெயரில் சுற்றிக்கொண்டிருக்கிறது, பூமியில் ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. கிடைத்தது 1920ல்.

அதே சங்கம் 1872லேயே நம்ம ஆள் ஒருவரை உள்ளே விட்டிருந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கத்து உதவியாளர். 1867ல் வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தவர். சங்கத்தில் சேர்ந்த முதல் இந்தியர். ஆனால் அவர் செய்த நிஜமான வீரச்செயல் வேறு. ‘வானத்தைப் பார்த்துக் கணித்ததே சரி’ என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டுப் பஞ்சாங்கக்காரர்களோடு மோதினார். தொலைநோக்கி வழியாகப் பார்த்தவருக்கு, பாட்டாக மனப்பாடம் செய்த வாக்கியக் கணக்கு நிமிஷக் கணக்கில் தப்புவது பொறுக்கவில்லை. சண்டை முடிந்ததா? போன சனிப்பெயர்ச்சிக்கு எங்கள் வீட்டில் அம்மா ஒரு தேதி, மாமியார் ஒரு தேதி. நான் ரெண்டு நாளும் எள் தீபம் ஏற்றினேன்.

வாக்கியக் கட்சியையும் லேசாக நினைத்துவிட வேண்டாம். இதே ஆய்வகத்தைக் கொஞ்ச காலம் கவனித்துக்கொண்ட ஜான் வாரன், 1825ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணியரைப் பார்த்தார். அந்த ஆள் தரையில் உட்கார்ந்து, சோழிகளை இப்படியும் அப்படியும் நகர்த்தி, வாயால் வாக்கியங்களைச் சொல்லியே அந்த வருஷத்துச் சந்திர கிரகணம் எப்போது பிடிக்கும் என்று சொல்லிவிட்டார். தொலைநோக்கி இல்லை, பேப்பர் இல்லை. தொடக்கத்தில் நாலே நிமிஷம் பிசகு! ‘முதன்முதலாக நட்டோம்’ என்று கல்லில் வெட்டி 33 வருஷம் கழித்து, அந்த ஆய்வகத்து ஆளே போய்ப் பார்த்துவிட்டு வந்த மரம் இது. உண்மையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்: கிரகணம் விடும் நேரத்தில் பிசகு 52 நிமிஷம். ‘வந்துட்டே இருக்கேன் சார்’ என்கிற ஆட்டோக்காரர் கணக்கு.

நேரம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு காலத்தில் இந்தியாவின் ரயில்கள் எல்லாம் இந்த நுங்கம்பாக்கத்து நேரப்படிதான் ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால். டெல்லிக்காரரும் மெட்ராஸ் டயம் பார்த்துத்தான் பெட்டியைத் தூக்க வேண்டும்! 1906 ஜனவரி 1ல் பொது நேரம் வந்தது. கடிகாரத்தை 8 நிமிடம் 46 விநாடி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அதனால்தான் நாம் எதற்கும் ஒரு பத்து நிமிஷம் தாமதமாகப் போகிறோம். நாம் லேட் இல்லை, பழைய நேரத்தில் வாழ்கிறோம்.

இதையும் சேர்த்து அடித்துவிட்டு, “ரெடி சார்” என்று பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான் தம்பி. தலைப்பிலேயே தப்பு. ‘வானியல் ஆய்வகம்’ என்று சொன்னதை ‘வானிலை ஆய்வகம்’ என்று அடித்திருந்தான். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். சரித்திரமும் அதே டைப்பிங் மிஸ்டேக்கைத்தான் செய்தது. 1899ல் மூட்டை முடிச்சோடு வானியல் கொடைக்கானல் மலைக்கு ஏறிவிட்டது. நுங்கம்பாக்கத்தில் மிஞ்சியது வானிலை. நட்சத்திரங்களை அளந்த இடம், இப்போது புயல் எங்கே நிற்கிறது, பள்ளிக்கூடம் லீவா இல்லையா என்று சொல்கிறது. டிவியில் ‘நுங்கம்பாக்கத்தில் 6 செ.மீ.’ என்று வாசிக்கும்போது இங்கே எங்கள் ஏரி நிரம்பித் தெருவைத் தேடி வந்துகொண்டிருக்கும். தூணோ, ஆயிரம் வருஷத்தில் 230 சொச்சத்தை முடித்த களைப்பில் அங்கேயே நிற்கிறது.

“சார், தேசியச் சின்னம் ஆக எத்தனை வயசு ஆகணும்?”

“1958ஆம் வருஷச் சட்டப்படி நூறு வயசு போதும் தம்பி.”

“கிடைச்சா என்ன ஆகும்?”

“சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா ஒரு சுவர் எழுப்ப முடியாது.”

“காலேஜ் ரோட்டுலயா?” தம்பி சிரித்த சிரிப்பில் பிரிண்டர் ஆடியது. அங்கே சதுர அடி என்ன விலை என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

தலைப்பைத் திருத்திக் கொடுத்தான். கடைசியில் கீழே ஓர் இடம் காலியாக இருந்தது.

“மனுதாரர் பேரு போடணும் சார். என்ன சைஸ்?”

“சும்மா சின்னதாப் போடுப்பா. பேரா முக்கியம்?”

அடித்துக் காட்டினான். பார்த்தேன். தூணின் பெயரை விடச் சின்னதாக, பக்கத்தின் ஓரத்தில் கிடந்தது.

“தம்பி, ஒரு 18ல போடு” என்றேன். “போல்டு.”