“இன்டெக்ஸ் இல்ல சார், அதான்!”

கேள்வி எதுவாக இருந்தாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ஹெல்ப்ல தேடிப் பாத்தீங்களா சார்?”

“தேடினேன், ஒண்ணும் வரலை தம்பி” என்று சொல்லிவிட்டீர்களா, தொலைந்தது. உங்கள் கேள்வி அந்த இடத்திலேயே காலாவதி. அவர் முகம் மலரும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். “இன்டெக்ஸ் இல்ல சார், அதான்!” என்பார். இனி பொழுது சாயும்வரை உங்கள் மிஷின் உங்களுடையது அல்ல.

லினக்ஸ்காரர்களில் பல ரகம் உண்டு. சுதந்திரத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிற ரகம். வாரத்துக்கு ஒரு டிஸ்ட்ரோ மாற்றுகிற ரகம். மவுஸைத் தொட்டாலே முகம் சுளிக்கிற ரகம். இவர்களையெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்து அனுப்பிவிடலாம். உதவி தேடி வந்தவனை விட்டுவிட்டு உதவிப் பக்கத்தைச் சரிசெய்ய உட்கார்ந்துவிடுகிற ரகத்தைத்தான் ஒன்றும் செய்ய முடியாது.

காஞ்சிபுரத்தை ஒட்டிய எங்கள் ஏனாத்தூரில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை. 1993-ல் இங்கே நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்தது, பிறகு மெடிக்கல் காலேஜும் வந்தது. ரோட்டோரம் ஜெராக்ஸ் கடை, பைண்டிங் கடை, டிடிபி கடை. ஒவ்வொரு கடைக்கும் ஒரு மிஷின், ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு வியாதி. படித்து முடித்தும் ஊரை விட்டுப் போகாத ஒரு இன்ஜினியர் தம்பி, தோளில் பையோடு இந்தக் கடைகளைச் சுற்றி வருவார். கூலி வாங்க மாட்டார். அதுதான் கஷ்டமே. கூலி வாங்குகிறவரிடம் ‘சீக்கிரம் முடிப்பா’ என்று அதட்டலாம், இவரிடம் முடியாது.

அவருக்குப் பதில் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லிவிட்டால் நாம் சோம்பேறியாகிவிடுவோமாம். நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமாம். தேடுபொறி படுத்துவிட்டால் அதை எழுப்பி உட்காரவைப்பது தன் கடமையாம். இந்தக் கொள்கை அவருக்குள் எப்போது புகுந்தது என்று யாருக்கும் தெரியாது. இறங்குகிற உத்தேசம் அதற்கு இல்லை.

2012-ல் நடந்தது ஒன்று போதும். பட்டு நெசவாளர் கூட்டுறவு சங்கம் ஒன்றின் பேரவைக் கூட்ட அறிவிப்பு, சாயந்திரத்துக்குள் இருநூறு காப்பி வேண்டும். என் கடை மிஷினில் லினக்ஸ் போட்டு, கேடிஇ என்ற டெஸ்க்டாப் திரை வைத்து, தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்திருந்தவர் இவர்தான். 1999-ல் தமிழ்நாடு அரசே தரம் என்று அறிவித்த விசைப்பலகை அது. எல்லாம் சரி, ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு எந்தப் பொத்தானை அழுத்தி மாறுவது என்பதை மட்டும் சொல்லாமல் போய்விட்டார். போன் போட்டேன். வந்தார். கேட்டார்: “ஹெல்ப்ல தேடிப் பாத்தீங்களா சார்?”

அப்போதெல்லாம் கேடிஇயின் உதவி மையத்தைத் திறந்து ஒரு சொல்லைத் தேடினால், ‘தேடல் அட்டவணை இன்னும் இல்லை, இப்போது உருவாக்கவா?’ என்று ஒரு பெட்டி குதிக்கும். அப்பாவி மனிதன் ‘வேண்டாம்’ என்று மூடிவிட்டு வேறு வழி பார்ப்பான். நம்மாளுக்கு அது தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரி. ‘உருவாக்கு’ என்றார். ஒரு பட்டியல் வந்தது. ஒவ்வொரு கையேட்டுக்கும் எதிரே ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. அவ்வளவுக்கும் டிக் அடித்தார். நமக்கு வேண்டியது விசைப்பலகை பற்றிய ஒரு பக்கம். சீட்டாட்டக் கையேட்டுக்கும் சேர்த்து இன்டெக்ஸ் போட்டார்.

“ஒண்ணு விட்டாலும் அரைகுறையாயிடும் சார்.”

பட்டை கொஞ்சம் நகர்ந்தது, நின்றது, பிழை என்றது. அவருக்கு அதில் துளி வருத்தம் இல்லை. உண்மையில், முதல் தடவையிலேயே வேலை செய்திருந்தால்தான் ஏமாந்து போயிருப்பார். ‘விவரங்கள்’ பொத்தானை அமுக்கி, ஓடின வரிகளை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

கேடிஇ அந்தக் காலத்தில் சொந்தமாகத் தேடத் தெரியாமல், எச்டி டிக் என்ற வெளி மென்பொருளை நம்பியிருந்தது. அது அமெரிக்காவில் சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், தங்கள் வளாகத்து இணையப் பக்கங்களைத் தேடுவதற்காக 1995 வாக்கில் எழுதப்பட்டது. ஒரு துண்டு பக்கங்களைத் தோண்டி எடுக்கும், இன்னொன்று எடுத்ததைக் கோத்து வைக்கும், மற்றொன்று தேடிக் கொடுக்கும். இந்த மென்பொருள் பல டிஸ்ட்ரோக்களில் தானாக வராது, தனியாகப் போட வேண்டும். உதவி மையம் இருக்கும், அதில் தேடல் பெட்டியும் இருக்கும், தேடுகிறவன் மட்டும் இருக்க மாட்டான். இதை யார் யோசித்துச் செய்தார்கள் என்று கேட்டேன். “மாடுலர் சார்” என்றார், கண்ணில் பக்தியோடு.

என் டேட்டா கார்டில் இறக்கினார். மறுபடி ஓட்டினார். மறுபடி பிழை. இந்தத் தடவை அட்டவணை எழுத வேண்டிய ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாம், கடை யூசருக்கு அதில் எழுத உரிமையில்லையாம்.

“யாரோ சூடோ போட்டு ஓட்டியிருக்காங்க சார்.”

கடையில் சூடோ என்றால் என்னவென்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்ல எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவரோ உரிமையை மாற்றி எழுதுவதில் மும்முரமாக இருந்தார்.

அந்த இடைவெளியில் ஒரு கிளைப்பயணம். ‘மேன்’ பக்கங்களும் தேடலில் வர வேண்டுமே என்று ‘மேன்-டிபி’யை ஓட்டினார். அது முடிந்ததும், ஃபைல் தேட லோகேட் என்று ஒன்று இருக்கிறதாம், அதன் பட்டியலும் பழசாம். அதைப் புதுப்பிப்பது போன்ற தினசரி வேலைகளை டெபியன் வகை மிஷின்களில் காலை 6.25-க்கு ஓடும்படி வைத்திருந்தார்கள். நான் கடை திறப்பது பத்து மணிக்கு. “அதுக்குத்தான் சார் அனக்ரான்னு ஒண்ணு இருக்கு, விட்டுப்போன வேலையை மிஷின் போட்டதும் செஞ்சிடும்” என்று அதையும் நிறுவினார். சங்கத்துச் செயலாளர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் டீக்கடைப் பக்கம் போனார்.

கரண்ட் போயிற்று. 2012-ல் சென்னையைத் தாண்டினால் மின்சாரம் எந்த லட்சணத்தில் இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டாம். இன்டெக்ஸ் பாதியில் அறுந்தது. பாதி அட்டவணை இருப்பது, அட்டவணையே இல்லாததைவிட மோசமாம். கரண்ட் வந்ததும் முழுசாக அழித்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டுமாம். இருட்டில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, எனக்கு இன்டெக்ஸின் தத்துவத்தை விளக்கினார். நம்ம அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்துக்குள்ளேயேதான் இருக்கிறார், நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் கண்ணில் படுகிறார் இல்லையா, அந்த மாதிரி விஷயம் மிஷினுக்குள்ளேயே இருக்கும், இன்டெக்ஸ் போட்டால்தான் மேலே வரும் என்றார். உவமை நன்றாகத்தான் இருந்தது. பேரவைக் கூட்டத்தையும் நாற்பது வருஷம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பதிலாக ஒரு வம்பு செய்தேன். “தமிழ்ல தேடினா வருமா தம்பி?”

அவர் விசிறுவதை நிறுத்தினார். எச்டி டிக்கின் கடைசி நிலையான பதிப்பு 2002-ல் வந்தது. யூனிகோடு அதற்குத் தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கிலேயே அது வளர்ந்தது. யூடிஎஃப்-8-ல் ‘க’ என்ற ஒற்றை எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும், ‘கா’ என்றால் ஆறு. அது நம் எழுத்தைத் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்று கையை விரிக்கும். இதையெல்லாம் அவரே, வீட்டில் நடந்த துக்கத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். எனக்கே பாவமாகிவிட்டது.

இந்த இடத்தில் அவருடைய சரித்திர ஆராய்ச்சியையும் சொல்லிவிட வேண்டும். ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தில் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸ் நுழைந்தது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பையன்கள் பலர் பாஸை அழித்துவிட்டுப் படம் பார்க்க இடம் பிடித்தார்கள். ஹெல்ப் இன்டெக்ஸை முன்கூட்டியே போட்டுக் கொடுத்திருந்தால் ஒருத்தனும் அழித்திருக்க மாட்டான் என்பது அவர் துணிபு. இதை அவர் சிரிக்காமல் சொல்வார்.

கரண்ட் வந்தது. பட்டை மறுபடி ஊர்ந்தது. அப்போது பிராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங்குக்கு வந்த ஒரு பாலிடெக்னிக் பையன், எட்டிப் பார்த்து, “தமிழுக்கு மாறணுமா அங்கிள்? கன்ட்ரோல், ஆல்ட், கே அடிங்க” என்றான். அடித்தேன். தமிழ் வந்தது.

நான் அவரைப் பார்த்தேன். கொஞ்சமாவது கூச்சப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “ஆமா சார், அதான். ஹெல்ப்லயே இருக்கு. இருங்க, இப்ப தேடினா வரும் பாருங்க!” பட்டியல் முழுக்க ‘சரி’, ‘சரி’ என்று மாறியிருந்தது. ஆங்கிலத்தில் இரண்டு சொல் தட்டினார். விசைப்பலகைப் பக்கம் டாண் என்று முதலில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷத்தை இன்னொருவர் முகத்தில் நான் பார்த்ததில்லை. என்னையும் ஒருமுறை தேடச் சொன்னார். தேடினேன். எனக்கும் வந்தது. கைகுலுக்கினார். அந்த நிமிடம் அவர்மேல் கோபப்பட யாராலும் முடியாது. அவர் கைகளில் வியர்வை, பசி, மத்தியானச் சாப்பாடு போயே போய்விட்டது, ஒரு பைசா வாங்கப் போவதில்லை. அறிவிப்பு ராத்திரிதான் சங்கத்துக்குப் போனது.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாட்டிக்கொண்டவன்தான் உதவிப் பக்கத்தைத் திறக்கிறான். அவனிடம் போய், முதலில் அட்டவணை போடு, அதற்குமுன் இன்னொரு மென்பொருளை இறக்கு, அதற்குமுன் ஃபோல்டரின் உரிமையை மாற்று என்பது அநியாயம். மிஷினைக் கொடுக்கும்போதே செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. பதில் தெரிந்தவர் பதிலைச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இந்த ஊரில் உண்டு. 2012-லிருந்து ‘கணியம்’ இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழிலேயே எழுதி, இலவசமாகத் தருகிறது. அவர்கள் வாசகனை இன்டெக்ஸ் போடச் சொல்வதில்லை, விஷயத்தை எழுதிவிடுகிறார்கள்.

இப்போது எச்டி டிக் போய், கேடிஇ உதவி மையத்தில் சேப்பியன் வந்துவிட்டது. அதற்கு யூனிகோடு தெரியும். நம்மாள் சும்மா இருப்பாரா? ஃபைல் தேடலுக்குத் தாவிவிட்டார். முதலில் கேடிஇயின் நேபோமுக்கோடு மல்லுக்கட்டினார். 2014-ல் அதை எடுத்துவிட்டு பலூவைக் கொண்டுவந்தார்கள். நேபோமுக்கைப் பராமரித்து, பிறகு பலூவை எழுதியவர் விஷேஷ் ஹண்டா, நம் நாட்டுக்காரர் என்பதில் தம்பிக்குத் தனிப் பெருமை. பலூவின் அட்டவணை சில மிஷின்களில் கிகாபைட் கணக்கில் ஊதிப்போகும். அதைச் சுத்தமாக வழித்துவிட்டு மறுபடி போடுவதில் இவருக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை கழிகிறது, பெரும்பாலும் அடுத்தவர் வீட்டில்.

ஏனாத்தூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள், நல்ல மனிதர். சாப்பாட்டு நேரத்துக்குமுன் கூப்பிட்டு முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். “ஹெல்ப்ல தேடிப் பாத்தீங்களா?” என்று கேட்டால், “தேடினேன் தம்பி, வந்துச்சு, எனக்குத்தான் புரியலை” என்று சொல்லிவிடுங்கள். உடனே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.